கடலூர், சிதம்பரம் வட்டார மாடுகளில் குடல் ஒட்டுண்ணிகளை நுண்ணோக்கித் தோற்றத்தால் இனங்காணல்: வாய்ப்பும் வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

மாட்டுச் சாணத்தில் காணப்படும் ஒட்டுண்ணி முட்டைகளையும் ஊசிஸ்டுகளையும் நுண்ணோக்கி வழியாக இனங்காணும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது. முட்டையின் தோற்றம் சில ஒட்டுண்ணிகளுக்குச் சிற்றினம் வரையிலும், சிலவற்றுக்குப் பேரினம் வரையிலும், வேறு சிலவற்றுக்கு ஒரு பெருங்குழு வரையிலுமே வழிகாட்டும். இவ்வேறுபாட்டை உணராமல் முட்டையை மட்டும் கண்டு சிற்றினப் பெயர் எழுதும் வழக்கம் ஆய்வேடுகளில் பரவலாக உள்ளது. கடலூர், சிதம்பரம் பகுதிகளின் நிலநீர்ச் சூழலைப் பின்னணியாகக் கொண்டு, எந்த முட்டை எதுவரை பேசும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: குடற்புழு, சாணப் பரிசோதனை, ஸ்ட்ராங்கைல் முட்டை, தட்டைப்புழு, இரத்தத் தட்டைப்புழு, காக்சிடியா, இளம்புழு வளர்ப்பு, கடலூர், சிதம்பரம்

முன்னுரை

கறவை மாடு மெலிகிறது, பால் குறைகிறது, கழிச்சல் நிற்கவில்லை என்று உழவர் ஒருவர் மருந்தகத்திற்கு வந்தால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது குடற்புழு நீக்க மருந்தே. ஆனால் குடற்புழு என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பற்ற உயிரிகள் பல அடங்கியுள்ளன. உருளைப்புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல், இரைப்பையில் தங்கும் ஆம்பிஸ்டோம் புழுவைப் போதிய அளவில் கட்டுப்படுத்துவதில்லை. அதற்கு ஆக்சிகுளோசனைடு போன்ற வேறு மருந்து தேவை. காக்சிடியாவுக்கு இவ்விரண்டுமே பயன்படா. தேவையற்ற மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் செலவு வீணாவதுடன், புழுக்களிடையே மருந்தெதிர்ப்பும் வளர்கிறது. தமிழகச் செம்மறியாடுகளின் ஹீமாங்கஸ் புழுக்களில் பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு உருவாகியிருப்பது பலமுறை பதிவாகியுள்ளது. ஆகவே, எந்த ஒட்டுண்ணி என்பதை முதலில் அறிவது ஏட்டறிவு சார்ந்த தேவை மட்டுமன்று.

இங்கே ஒரு சொல்லாட்சிச் சிக்கலையும் சுட்டுதல் வேண்டும். தமிழ்ப் பாடநூல்களில் தட்டைப்புழு என்னும் சொல் ஒரு தொகுதி முழுமைக்கும் பெயராக வருகிறது. கள நிலையில் அதே சொல் இலை வடிவக் கல்லீரல் புழுவை மட்டும் குறிக்கிறது. முதற்பொருளில் நாடாப்புழுவும் தட்டைப்புழுவே. இரண்டாம் பொருளில் அது வேறு. இருவகைக்கும் முட்டையும் வேறு, மருந்தும் வேறு. இக்கட்டுரையில் தட்டைப்புழு என்பது இலை வடிவ வகைகளையே குறிக்கும். நாடாப்புழு தனியே சுட்டப்படும்.

நிலமும் நத்தையும்

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதி காவிரிப் படுகையின் கடைமடை. வீராணம் ஏரியும் கொள்ளிடத்தின் கீழணைப் பாசனமும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டங்களின் வயல்களை நனைக்கின்றன. வடக்கே தென்பெண்ணையும் கெடிலமும், நடுவே வெள்ளாறும் ஓடுகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும்போது வாய்க்கால், பள்ளம், நாற்றங்கால் அனைத்திலும் நன்னீர் தேங்குகிறது. பண்ருட்டியைச் சூழ்ந்த செம்மண் மேட்டு நிலம் இதற்கு மாறானது; முந்திரியும் பலாவும் விளையும் அந்நிலத்தில் நீர் நீண்ட நாள் நிற்பதில்லை. கடலோரத்தில் பிச்சாவரம் போன்ற உவர்நீர்க் கழிகள் உள்ளன.

இவ்வேறுபாடு ஒட்டுண்ணி ஆய்வுக்கு இன்றியமையாதது. இங்கே பேசப்படும் தட்டைப்புழுக்கள் தம் வாழ்க்கைச் சுற்றின் ஒரு பகுதியை நன்னீர் நத்தையின் உடலுக்குள் கழிப்பவை. பேசியோலா ஜைஜான்டிகா என்னும் கல்லீரல் புழுவுக்கு இந்தியாவில் லிம்னேயா ஆரிகுலேரியா நத்தையும், மாட்டின் இரத்தத் தட்டைப்புழுக்களுக்கு இண்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ் என்னும் தட்டைச் சுருள் நத்தையும் இடைவிருந்தோம்பிகள். தேங்கிய நன்னீரும் நீர்த்தாவரமும் உள்ள வயல் வாய்க்காலில் இவை பெருகும், உவர்நீரில் நிலைப்பதில்லை. எனவே சிதம்பரம் பகுதி நெல்வயல் மாட்டின் சாணத்தில் தட்டைப்புழு முட்டையைத் தேடாமல் ஆய்வை முடித்தல் பெரும் குறை. செம்மண் மேட்டு மாட்டில் அதே முட்டை கிடைத்தால், அம்மாடு எங்கிருந்து வாங்கப்பட்டது, எங்கே மேய்ந்தது என்று கேட்பது முறை.

காலக் கணக்கும் உண்டு. கல்லீரல் புழுவின் தொற்றுநிலை உடலுள் சென்று முதிர்ந்து முட்டையிட ஏறத்தாழ 13 முதல் 16 வாரங்கள் ஆகும். நவம்பர், டிசம்பரில் தொற்றிய மாட்டின் சாணத்தில் மார்ச், ஏப்ரலில்தான் முட்டை தோன்றும். சம்பா அறுவடைக்குப்பின் தாளடியில் மேயவிட்ட மாட்டைத் தை மாதத்தில் பரிசோதித்து முட்டை இல்லை என்று எழுதினால், அதன் பொருள் தொற்று இல்லை என்பதன்று.

சாணம் எடுத்தலும் பதப்படுத்தலும்

தரையில் கிடந்த பழைய சாணத்தில் மண்ணில் வாழும் உருளைப்புழுக்களும் அவற்றின் முட்டைகளும் விரைவில் புகுந்துவிடும். ஆதலால் மலக்குடலிலிருந்து கையுறையுடன் நேரே எடுப்பதே சிறந்தது. இயலாதெனில் மாடு சாணமிட்டவுடன் தரை படாத மேற்பகுதியை எடுக்கலாம். கடலூரின் வெப்பத்தில் ஸ்ட்ராங்கைல் முட்டை ஒரு நாளுக்குள் இளம்புழுவாகப் பொரிந்துவிடக்கூடும். சாணத்தை 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தால் வளர்ச்சி தடைப்படும். 10 விழுக்காடு ஃபார்மலினில் இட்டால் முட்டை நெடுநாள் கெடாது. ஆனால் அதிலிருந்து இளம்புழு வளர்க்க முடியாது. எனவே மாதிரியை இரண்டாகப் பகுத்து ஒரு பகுதியை ஃபார்மலின் இல்லாமல் வைத்தல் நன்று.

பரிசோதனை முறைகளில் மிதவை முறையும் படிவு முறையும் முதன்மையானவை. செறிவூட்டிய சமையல் உப்புக் கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.20. உருளைப்புழு, நாடாப்புழு ஆகியவற்றின் முட்டைகளும் காக்சிடியா ஊசிஸ்டுகளும் இதைவிட இலேசானவை. மேலே மிதந்து மூடுவில்லையில் ஒட்டும. தட்டைப்புழு முட்டைகள் கனமானவை, இக்கரைசலில் மிதப்பதில்லை. அடர்த்தி மிகுந்த வேறு கரைசலில் மிதந்தாலும் ஓடு சுருங்கி உருக்குலையும். ஆகவே அவற்றுக்குச் சாணத்தை நீரில் கரைத்து வடிகட்டி, பலமுறை தெளியவைத்து, அடியில் தங்கிய படிவைக் காணவேண்டும். மிதவை முறை மட்டும் செய்துவிட்டுத் தட்டைப்புழுத் தொற்று மிகக் குறைவு என்று எழுதும் ஆய்வேடு தன் முறையின் குறையையே முடிவாகக் காட்டுகிறது. நெல்வயல் சூழ்ந்த ஒரு வட்டாரத்தில் இது பொறுக்கத்தக்க பிழையன்று.

இரத்தத் தட்டைப்புழுவுக்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். அதன் முட்டைக்குள் மிராசிடியம் என்னும் இளவுயிரி முழுமையாக வளர்ந்தே வெளிவருகிறது. வெறும் நீர் பட்டவுடன் பொரியத் தொடங்கும். குழாய் நீரில் நிதானமாகப் படிவு செய்தால் காணவேண்டிய முட்டை வெற்று ஓடாகிவிடும். எனவே 0.85 விழுக்காடு உப்புநீரைப் பயன்படுத்துதல் வேண்டும். இப்பண்பையே மறுதலையாகப் பயன்கொண்டு, படிவை நீரிலிட்டு ஒளி காட்டி, நீந்தும் மிராசிடியத்தைத் தேடும் பொரிப்புச் சோதனையும் உண்டு.

அளவே முதற்சான்று

வடிவம் கண்ணை ஏமாற்றும்; அளவு அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. கண்ணருகு வில்லையில் பொருத்தும் அளவுகோலை மேடை அளவுகோலுடன் ஒப்பிட்டுத் தரப்படுத்திய பின்னரே அளக்கவேண்டும். மேடை அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் 100 கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கூறு 10 மைக்ரோமீட்டர். 40 மடங்குப் பொருளருகு வில்லையில் கண்ணருகு அளவுகோலின் 100 கூறுகள் மேடை அளவுகோலின் 25 கூறுகளோடு பொருந்துமாயின், 250 மைக்ரோமீட்டரை 100-ஆல் வகுக்க, கண்ணருகுக் கூறு ஒன்றின் மதிப்பு 2.5 மைக்ரோமீட்டர் என்றாகும். ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் இதைத் தனித்தனியே கணக்கிடவேண்டும். நுண்ணோக்கி மாறினால் மீண்டும் செய்யவேண்டும். ஒரு முட்டையை மட்டும் அளந்து பெயரிடுதல் கூடாது. கைப்பேசியால் எடுத்த படத்தை அளவுக்கோடு இன்றி ஆய்வேட்டில் ஒட்டுவது அண்மையில் மிகுந்துவருகிறது. அத்தகைய படம் அழகுக்கு உதவலாம், சான்றாகாது.

ஸ்ட்ராங்கைல் வகை முட்டைகள்

மாட்டுச் சாணத்தில் அடிக்கடி எதிர்ப்படுவது இவ்வகையே. நீள்வட்டம், மெல்லிய நிறமற்ற ஓடு, உள்ளே திராட்சைக் கொத்துப் போன்ற கருப்பிளவுச் செல்கள், நீளம் பெரும்பாலும் 70 முதல் 90 மைக்ரோமீட்டர், அகலம் 40 முதல் 50 என்பன இதன் பொது இயல்புகள். ஹீமாங்கஸ், டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ், கூப்பீரியா, ஈசோபேகோஸ்டோமம் ஆகிய நான்கு பேரினங்களும் இவ்வரையறைக்குள் அடங்கும். டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் முட்டையின் ஒருமுனை சற்றுக் கூர்மை, கூப்பீரியாவின் பக்கங்கள் ஏறத்தாழ இணைகோடு என்றெல்லாம் நூல்கள் கூறும். பழகிய கண்ணுக்கு இவை உதவலாம். ஆயினும் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் தனியொரு முட்டைக்குப் பேரினப் பெயர் சூட்டுதலே துணிச்சலான செயல். சிற்றினப் பெயர் சூட்டுதல் அடிப்படையற்றது. 'ஸ்ட்ராங்கைல் வகை முட்டை' என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

சில விதிவிலக்குகள் உள்ளன. கொக்கிப்புழுவான பூனோஸ்டோமம் முட்டை சற்றுப் பெரியது; முனைகள் மழுங்கியவை; உட்செல்கள் குறைந்து கருமை மிகுந்திருக்கும். மெசிஸ்டோசிர்ரஸ் டிஜிடேட்டஸ் முட்டை 95 முதல் 120 மைக்ரோமீட்டர் வரை நீளும். வெப்ப ஆசியாவின் மாட்டிலும் எருமையிலும் நான்காம் இரைப்பையில் வாழும் இப்புழு, குருதி உறிஞ்சுவதில் ஹீமாங்கஸுக்கு இணையானது. குளிர்நிலங்களுக்காக எழுதப்பட்ட மேனாட்டுக் கையேடுகள் பலவற்றில் இதற்கு இடமில்லை. அவற்றை மட்டும் நம்பும் மாணவர் இதனைப் 'பெரிய ஹீமாங்கஸ்' என்று கடந்துவிடுவர். நெமட்டோடைரஸ் முட்டை 175 மைக்ரோமீட்டருக்கும் மேல் நீண்டு, உள்ளே ஏறத்தாழ எட்டுப் பெரிய செல்களுடன் தோன்றுவதால் ஐயத்திற்கு இடமில்லை.

பேரினத்தை அறியும் வழி இளம்புழு வளர்ப்பு. ஈரம் காத்த சாணத்தை ஏறத்தாழ 27 பாகை வெப்பத்தில் ஒரு வாரம் வைத்து, பெயர்மன் கருவியால் மூன்றாம் நிலை இளம்புழுக்களைப் பிரித்து, அயோடின் துளி இட்டுக் காணவேண்டும். வால்முனைக்கு அப்பால் நீளும் உறையின் நீளம், குடற்செல்களின் எண்ணிக்கை, தலைப்பகுதி ஆகிய மூன்றும் அடையாளங்கள். டிரைக்கோஸ்ட்ராங்கைலஸில் உறைவால் குறுகியது. ஹீமாங்கஸில் நடுத்தரமானது, சற்று வளைந்தது. ஈசோபேகோஸ்டோமத்தில் சாட்டை போல் நீண்டது. கூப்பீரியாவின் உணவுக்குழல் தொடக்கத்தில் ஒளிரும் இரு நுண்மணிகள் தெரியும். இவ்வொன்றே அதனை ஹீமாங்கஸிலிருந்து பிரித்துக்காட்டப் போதும். பூனோஸ்டோமம் இளம்புழு உடல் சிறியது, உறைவாலோ நூல் போல் நீண்டது. உறையே இல்லாமல் உடலின் பாதியளவு நீண்ட உணவுக்குழலுடன் ஒன்று நெளியுமாயின் அது ஸ்ட்ராங்கைலாய்டஸ்.

இவ்வளவு செய்தும் சிற்றினம் கிட்டாது. மாட்டில் ஹீமாங்கஸ் பிளேசி இயல்பானது, ஆட்டில் ஹீமாங்கஸ் கன்டார்டஸ் இயல்பானது. எனினும் ஒரே புல்வெளியில் ஆடும் மாடும் மேயும் நம் ஊர்ச் சூழலில் இரண்டும் இடம்மாறும். சாண முட்டையின் தோற்றத்தால் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. முதிர்ந்த ஆண்புழுவின் புணர்முள்ளில் கொக்கி அமைந்துள்ள தொலைவை அளக்கவேண்டும், அல்லது மரபணுவை ஆராயவேண்டும். ஐ.டி.எஸ்-2 என்னும் மரபணுப் பகுதி இரண்டிலும் 231 இணைகள் கொண்டது. அவற்றுள் மூன்றே இடங்களில் வேறுபாடு உள்ளது. சாணத்தில் நீள்வட்ட முட்டை கண்டவுடன் 'ஹீமாங்கஸ் கன்டார்டஸ்' என்று அட்டவணை நிரப்புவோர் இம்மூன்று எழுத்துகளை எந்தக் கண்ணால் படித்தனர் என்று கேட்கத் தோன்றுகிறது.

தோற்றமே போதுமான முட்டைகள்

எருமைக் கன்றின் சாணத்தில் ஏறத்தாழ உருண்டையான, தடித்த ஓடும் மேற்பரப்பில் நுண்குழிகளும் உடைய முட்டை தெரியின் அது டாக்சோகாரா விட்டுலோரம். அளவு 75 முதல் 95-க்கு 60 முதல் 75 மைக்ரோமீட்டர். மாட்டினத்தின் குடலில் இத்தோற்றம் கொண்ட முட்டை இடுவது இச்சிற்றினமே ஆதலால் இங்கு முட்டையே சிற்றினச் சான்றாகிறது. தாய்ப்பால் வழியே கன்றுக்குள் புகும் இப்புழு மூன்று, நான்கு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். கன்று வளர்ந்து சில திங்களில் தானே வெளியேறிவிடும். ஆகவே இரு வாரக் கன்றில் முட்டை காணாமை ஒன்றையும் மெய்ப்பிக்காது. முட்டை தோன்றும் முன்னரே, பிறந்த 10 முதல் 16 நாள்களுக்குள் மருந்து கொடுக்கவேண்டும் என்னும் பரிந்துரை இதனடிப்படையில் அமைந்தது.

ஸ்ட்ராங்கைலாய்டஸ் பாப்பிலோசஸ் முட்டை சிறியது. 40 முதல் 60 மைக்ரோமீட்டர் நீளமே உடையது. உள்ளே இளம்புழு சுருண்டிருக்கும். பழைய சாணத்தில் ஸ்ட்ராங்கைல் முட்டைக்குள்ளும் இளம்புழு உருவாகிவிடுமாதலால், புதுச் சாணத்திலேயே இவ்வடையாளம் செல்லும். சாட்டைப்புழுவான டிரைகூரிஸ் முட்டை, இருமுனையிலும் அடைப்பான் கொண்ட பழுப்புநிறப் பீப்பாய். பேரினம் உறுதி. மாட்டில் வாழும் அதன் சிற்றினங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றை முட்டையால் பிரித்தல் அரிது.

நாடாப்புழு மோனிசியாவின் முட்டைக்குள் பேரிக்காய் வடிவ உறை ஒன்று கருவைச் சூழ்ந்திருக்கும். முக்கோணமாயின் மோனிசியா எக்ஸ்பேன்சா, சதுரமாயின் மோனிசியா பெனடெனி என்பது பாடநூல் வாய்பாடு. ஒரே புழுவின் முட்டைகள் கிடக்கும் கோணத்திற்கேற்ப வடிவம் மாறித் தோன்றும். சாணத்தில் வெந்த சோற்றுப் பருக்கை போல் விழும் கணுக்களை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தல் இதனினும் உறுதியானது: கணுக்களின் இடைச் சுரப்பிகள் அகலம் முழுதும் வரிசையாக இருப்பின் எக்ஸ்பேன்சா, நடுவில் மட்டும் குறுகி நிற்பின் பெனடெனி.

தட்டைப்புழு முட்டைகள்

சிதம்பரம் பகுதி ஆய்வாளருக்கு இரண்டு முட்டைகளை வேறுபடுத்தத் தெரிந்தே ஆகவேண்டும். பேசியோலா, ஆம்பிஸ்டோம் இரண்டின் முட்டைகளும் பெரியவை. இரண்டுக்கும் ஒருமுனையில் மூடி உண்டு. அளவுகளும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படியும். வேறுபாடு நிறத்திலும் உள்ளடக்கத்திலும் உள்ளது. பேசியோலா முட்டை பித்தநீரில் ஊறி வருவதால் பொன்மஞ்சள் நிறம் கொண்டது. உள்ளே மஞ்சட்கருச் செல்கள் எல்லை தெரியாமல் ஓடு முழுதும் நிறைந்திருக்கும். ஆம்பிஸ்டோம் முட்டை நிறமற்றது அல்லது வெளிர்சாம்பல். செல்களின் எல்லை தெளிவாகத் தெரியும். மூடிக்கு எதிர்முனையில் சிறு முகிழ் காணப்படலாம். படிவில் ஒரு துளி மெத்திலீன் நீலம் இட்டால் பின்புலம் நீலமாகும், பேசியோலா முட்டை மஞ்சளாகவே தனித்து நிற்கும். பத்துப் பைசாச் செலவில்லாத இவ்வுத்தி, விலையுயர்ந்த வில்லைகளைவிடப் பயனுள்ளது.

பேசியோலா ஜைஜான்டிகா முட்டை ஏறத்தாழ 156 முதல் 197 மைக்ரோமீட்டர் நீளம். பேசியோலா ஹெப்பாட்டிகா முட்டை 130 முதல் 150 அளவில் நிற்கும். தமிழகச் சமவெளியில் எதிர்பார்க்கத்தக்கது முன்னதே. ஆம்பிஸ்டோம்களில் பாராம்பிஸ்டோமம், காட்டிலோபோரான், கேஸ்ட்ரோதைலாக்ஸ், பிஸ்கோடீரியஸ் எனப் பல பேரினங்கள் இந்திய மாடுகளில் உள்ளன. முட்டை கொண்டு அவற்றைப் பிரிக்க வழியில்லை. இறைச்சிக்கூடத்தில் இரைப்பையிலிருந்து புழுவை எடுத்து நெடுக்கு வெட்டாக அறுத்து, தொண்டை, பின் உறிஞ்சி, இனப்பெருக்கத் துளை ஆகியவற்றின் தசை அமைப்பைக் காணவேண்டும். வயிற்றுப்புறத்தில் பை போன்ற அறையுடைய கேஸ்ட்ரோதைலாக்ஸ், பிஸ்கோடீரியஸ் ஆகியவை ஓரளவு எளிதில் அகப்படும்.

ஆம்பிஸ்டோம் தொற்றில் உயிருக்கு ஊறு செய்வது முதிர்ந்த புழுவன்று. முன்சிறுகுடல் சுவரில் பதிந்து அரிக்கும் இளம்புழுக்களே கடுங்கழிச்சலையும் கீழ்த்தாடை வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. அந்நிலையில் அவை முட்டையிடா. சாணத்தில் முட்டை இல்லாமலே மாடு மடியலாம். நீர் போன்ற கழிச்சலின் படிவில் செந்நிறச் சிறு புழுக்கள் அரிசிக்குருணை அளவில் வெளிப்படுகின்றனவா என்று வெறுங்கண்ணாலும் கைவில்லையாலும் பார்ப்பது இங்கே நுண்ணோக்கியை முந்துகிறது.

இரத்தத் தட்டைப்புழுக்கள்

மாண்ட்கோமரி 1906-இல் இந்தியக் கால்நடைகளிலிருந்து சிஸ்டோசோமா ஸ்பிண்டேல், சிஸ்டோசோமா இண்டிகம் இரண்டையும் விவரித்தார். முன்னதன் முட்டை பெயருக்கேற்பக் கதிர் வடிவம். 200 மைக்ரோமீட்டருக்கு மேல் நீண்டு, ஒருமுனையில் முள்ளுடன், ஒருபக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். பின்னதன் முட்டை நீள்வட்டம், சிறியது. இவற்றின் வடிவமே சிற்றினம் காட்டும். சாணத்தில் முட்டை மிகக் குறைவாகவே வருவதால் ஒரு கிராம் சாணத்தோடு நின்றுவிடாமல் மிகுதியாக எடுத்துப் படிவு செய்யவேண்டும்.

மூன்றாவது ஒன்று குடலைச் சேர்ந்ததன்று; ஆயினும் இவ்வட்டார ஆய்வாளர் அறியாமல் இருத்தல் ஆகாது. மாடு மூச்சுவிடும்போது குறட்டையொலி, மூக்கினுள் பூக்கோசு போன்ற வளர்ச்சி, சளி, குருதிக் கசிவு ஆகியவற்றோடு வரும் நோயின் காரணியைச் சென்னை மாகாணத்து மாடுகளில் ஆராய்ந்த எம். ஆனந்த நாராயண ராவ், 1933-இல் அதற்குச் சிஸ்டோசோமா நேசாலே எனப் பெயரிட்டார். மூக்குச் சவ்வின் சிரைகளில் வாழும் இதன் முட்டை வளைதடி வடிவம். 350 மைக்ரோமீட்டருக்கும் மேல் நீளும். சாணத்தில் தேடினால் தவறவிடுவோம். மூக்குக் கோழையைச் சிறிது காரநீரில் கரைத்துப் படிவைக் காணவேண்டும். எருமையில் தொற்று இருந்தும் குறட்டையோ வளர்ச்சியோ வெளிப்படாமை மிகுதி. நோயில்லாதது போல் நிற்கும் எருமை, வாய்க்காலில் மூக்கை நனைக்கும்போதெல்லாம் நத்தைக்குத் தொற்றை வழங்கிக்கொண்டிருக்கும். நத்தையிலிருந்து வெளிவரும் செர்காரியாக்களில் சில, நடவு வயலில் நிற்பவரின் தோலைத் துளைத்து அரிப்பை உண்டாக்கும். மனித உடலில் அவை முதிர்வதில்லை. நாற்று நடும் பெண்களின் கால் அரிப்பை உரத்தின் மேல் ஏற்றிச் சொல்வதற்குமுன் வாய்க்கால் நத்தையை ஒருமுறை பார்த்தல் நலம்.

காக்சிடியாவும் பிற ஒற்றைச்செல் உயிரிகளும்

இளங்கன்றின் இரத்தக் கழிச்சலில் எய்மீரியா பேரினத்தின் ஊசிஸ்டுகளைத் தேடவேண்டும். எய்மீரியா சூர்னி ஏறத்தாழ உருண்டை, 15 முதல் 22 மைக்ரோமீட்டர், நுண்துளை இல்லை. எய்மீரியா போவிஸ் முட்டை வடிவம், 23 முதல் 34, குறுகிய முனையில் நுண்துளை உண்டு. பழுப்புநிறத் தடித்த சுவருடன் பேரிக்காய் போல் பெரிதாகத் தெரிவது எய்மீரியா புகிட்னோனென்சிஸ். முதலிரண்டே பெருங்கேடு செய்பவை. ஆதலால் எண்ணிக்கை மிகுதி என்பதோடு நில்லாமல் சிற்றினமும் காணவேண்டும். 2.5 விழுக்காடு பொட்டாசியம் டைகுரோமேட்டில் மெல்லிய படலமாக விட்டுவைத்தால் சில நாள்களில் வித்தாக்கம் நிகழ்ந்து, ஒவ்வொன்றிலும் நான்கு வித்துறைகள், ஒவ்வொரு வித்துறையிலும் இரு வித்துயிரிகள் தோன்றும். அந்நிலையிலேயே சிற்றினம் தெளிவாகும். கழிச்சல் தொடங்கிய முதல்நாள்களில் ஊசிஸ்டு வெளிவராமலும் இருக்கலாம்.

கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 8 மைக்ரோமீட்டரே இருப்பதால் சாதாரணப் பூச்சில் ஈஸ்ட் செல்லோடு மயங்கும். திருத்திய சீல்–நீல்சன் சாயத்தில் அது சிவக்கும், ஈஸ்ட் பின்சாயத்தின் நிறத்தையே ஏற்கும்.

போலித் தோற்றங்கள்

காற்றுக் குமிழி, மகரந்தம், வைக்கோல் நார்ச்செல், உண்ணிகளையொத்த நுண்பூச்சிகளின் முட்டை, பூஞ்சை வித்து ஆகிய யாவும் புதியவரை மயக்கும். குமிழியின் விளிம்பு கருமையாக, உள்ளீடற்றுத் தோன்றும். மகரந்தம் சமச்சீரான முள்ளோ குழியோ உடையது. மூடியோ கருவோ இராது. நுண்பூச்சி முட்டை ஸ்ட்ராங்கைல் முட்டையைப் போல் இருமடங்கு பெரிதாக இருக்கும். சிலவற்றுள் கால்களே தெரியும். நெல்வயலோரப் புல் மேய்ந்த மாட்டுச் சாணத்தில் இத்தகையவை நிறைந்திருக்குமாதலால், அவ்வட்டாரத்துக்கெனப் போலித் தோற்றங்களின் படத்தொகுப்பு ஒன்றை ஒவ்வோர் ஆய்வகமும் வைத்திருத்தல் பெரும் உதவி.

எண்ணிக்கையைப் படித்தல்

மெக்மாஸ்டர் முறையில் 3 கிராம் சாணத்தை 42 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, பின்னர் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, 0.15 மில்லிலிட்டர் கொள்ளும் இரு அறைகளில் எண்ணிய தொகையை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டை எண்ணிக்கை கிடைக்கும். இவ்வெண்ணைப் புழுக்களின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. ஹீமாங்கஸ் பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் முட்டையிடும். டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் ஒன்றோ நூறு, இருநூறு மட்டுமே. ஒரே எண்ணிக்கை முன்னதில் சில புழுக்களையும் பின்னதில் பெருந்தொற்றையும் குறிக்கலாம். இளம்புழு வளர்ப்பில் கிடைக்கும் பேரின விகிதத்தோடு சேர்த்துப் படித்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. கழிச்சலில் சாணம் நீர்த்துப்போவதும், கல்லீரல் புழுவின் முட்டை பித்தப்பையிலிருந்து விட்டுவிட்டு வெளிவருவதும் எண்ணிக்கையை மேலும் குலைக்கும். தட்டைப்புழுவுக்கு 'உண்டு' அல்லது 'காணப்படவில்லை' என்று எழுதி, எத்தனை கிராம் படிவு செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறிப்பது போதும்.

மருந்து கொடுத்து 14 நாள்களுக்குப்பின் மீண்டும் எண்ணி, முன் எண்ணிக்கையோடு ஒப்பிடுதல் மருந்தெதிர்ப்பை அறியும் எளிய வழி. அவ்வாறு எண்ணும்போது மருந்துக்குப்பின் எஞ்சிய முட்டைகளிலிருந்தும் இளம்புழு வளர்க்கவேண்டும். முன்பு கலந்திருந்த நான்கு பேரினங்களில் ஒன்று மட்டும் எஞ்சி நிற்குமாயின், எதிர்ப்பு எதனிடம் உருவாகியுள்ளது என்பதை அவ்வளர்ப்புத் தட்டே காட்டிவிடும்.